போர்ச்சில் கூட்டிய கார் சாலைக்கு வருமா?

உலு திராமிலிருந்து வந்த ஒரு தம்பி முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். நிகழ்ச்சி தொடங்குமுன் என்னிடம் கேட்டார்: "சார், ஆறு வருஷமா பட்டறையில வேலை. வீட்டு போர்ச்லேயே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டணும்னு ஆசை. முடியுமா?" பக்கத்திலிருந்த அவருடைய அப்பா கேட்டது வேறு: "ஐயா, சேர்த்த காசு அத்தனையும் போடப் போறான். அது ரோட்ல ஓடுமா?"

மகனுக்கு முதலில் பதில் சொல்கிறேன். முடியும். 1957இல் இங்கிலாந்தில் லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன் 'செவன்' என்ற காரை வெளியிட்டார். இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே மெல்லிய தகடு, எடை சுமார் 500 கிலோ. முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் அந்த வரி இல்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதித் தரக்கூடாது என்றது சட்டம். சாப்மன் என்ன செய்தார் தெரியுமா? பிரிக்கும் முறையை எழுதிக் கொடுத்தார் என்பார்கள். வாங்கியவர் அதைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படித்துக்கொண்டார்! 1973இல் மதிப்புக்கூட்டு வரி வந்ததும் சலுகை போயிற்று. அதே ஆண்டு செவன் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது.

இதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. லோட்டஸ் 1996 முதல் 2017 வரை புரோட்டோன் வசம் இருந்தது. கேட்டர்ஹாமை 2011இல் டோனி பெர்னாண்டஸ் வாங்கினார். 2021இல் அது ஜப்பானியர் கைக்குப் போயிற்று. இரண்டு கம்பெனிகளும் நம் கைக்கு வந்துபோயின. வீட்டில் கார் கூட்டும் பழக்கம்தான் கூட வரவில்லை.

1996இல் ரோன் சாம்பியன் என்ற ஆங்கிலேயர், 250 பவுனில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ஒரு புத்தகமே எழுதினார். சட்டத்தை நாமே வெல்டிங் செய்ய வேண்டும். என்ஜின், கியர்பெட்டி, பின் அச்சு எல்லாம் ஒரு பழைய போர்டு எஸ்கார்ட்டிலிருந்து. இங்கேதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். எஸ்கார்ட்டில் என்ஜின் முன்னால், இழுப்பது பின் சக்கரம். 1985இல் வந்த புரோட்டோன் சாகாவில் என்ஜின் குறுக்கே கிடக்கிறது, இழுப்பது முன் சக்கரம். அதை அப்படியே செவன் சட்டத்தில் வைக்க முடியாது. ஒன்று, பின்சக்கர இழுப்புள்ள பழைய டொயோட்டா கொரோலா கேஈ70 போன்ற வண்டியைத் தேட வேண்டும். அல்லது என்ஜினை ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் வைக்க வேண்டும். ரெனோ 16 என்ற முன்சக்கர இழுப்புக் காரின் என்ஜினை வைத்து லோட்டஸ் 1966இல் ஐரோப்பா காரை அப்படித்தான் செய்தது. ஹாஃப்-கட் கடையில் மலிவாகக் கிடைத்ததென்று என்ஜினை முதலில் வாங்கிவிட்டு, பிறகு சட்டம் தேடுவது தலைகீழ் வேலை.

தம்பி, இன்னொன்று. ஒரு தடவை பூட்டினால் போதாது. முதலில் பெயின்ட் இல்லாமல் எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் தண்டு எக்ஸாஸ்ட்டில் இடிக்கும். பிரேக் குழாய் சக்கரத்தில் உரசும். அதைச் சரிசெய்து, மொத்தமும் பிரித்து, பெயின்ட் அடித்து, மறுபடி பூட்டுங்கள். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு இளமையில் ஓட்டல் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றார். ஆனால் பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் அப்படித் தப்புச் செய்து கற்க இடமில்லை. சட்டத்தின் வெல்டிங்கை அனுபவமுள்ளவர் பார்க்கட்டும். நட்டுகளை டார்க் ஸ்பேனரால் முடுக்கி, முடுக்கியதில் பெயின்ட் புள்ளி வையுங்கள். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் ஈரப்பதம் தெரிந்ததுதானே! இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இனி அப்பாவின் கேள்வி. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பதிவும் சாலை வரியும் காப்புறுதியும் இல்லாத வண்டி சாலையில் இறங்கக்கூடாது. இருக்கிற காரில் என்ஜின் மாற்றினாலே பரிசோதனையும் ஜேபிஜே பதிவும் வேண்டும். சட்டத்தையே புதிதாக வெல்டிங் செய்தால், அது பழைய கொரோலா என்று சொல்லி அந்தக் கிராண்டையும் எண் பட்டையையும் மாட்டிக்கொள்ள முடியாது. அப்படி மாட்டி ஓட்டி, விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரிக்கும். அடிபட்டவர் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

ஆகவே தம்பி, இரும்பு வாங்குமுன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஜேபிஜே அலுவலகத்துக்குப் போங்கள். என்ன ஒப்புதல் வேண்டும், கிடைக்குமா என்பதை எழுத்தில் கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்தக் கார் லாரியில் ஏறிப் பந்தயத் தடத்துக்கு மட்டும்தான் போகும். அதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை அன்று இரவு அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள்.