பழைய மெசினுக்குப் பெரிய ஒயில் பில்ற்றர் பூட்டலாமா?

"அந்த பில்ற்றர் முடிஞ்சி போச்சு அண்ணன். அதுட பெரிய சைஸ் ஒண்டு இரிக்கி. புரி ஒண்டுதான், போடலாம்."

காத்தான்குடியில் உதிரிப்பாகக் கடையொன்றில் இப்படிப் பதில் கிடைத்தால் என்ன செய்வது? விதைப்புக்கு நாள் நெருங்கிவிட்டது. மெசின் வாவிக்கு அப்பால் படுவான்கரை வட்டைக்குள் நிற்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை பாதையில் ஏறித் துறை கடந்து வந்தவர்களுக்கு இப்போது பயணம் இலகுதான். என்றாலும் வெறுங்கையோடு திரும்பினால் ஒரு நாள் உழவு போய்விடும். பொருந்தாத பில்ற்றரோடு திரும்பினாலோ இயந்திரமே போய்விடக்கூடும்.

பெரியதைப் பூட்டலாம். ஆனால் "புரி ஒன்றுதான்" என்ற சொல்லை மாத்திரம் நம்பிப் பூட்டக் கூடாது. ஏன் என்பதைத்தான் இங்கே விளக்குகிறோம்.

எமது பகுதியில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுவதற்குக் காரணம் உண்டு. 1990இலும், பின்னர் 2006, 2007ஆம் ஆண்டுகளிலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, உழவு இயந்திரங்களைக் கைவிட்டே சென்றன. 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. 2011 ஜனவரியில் பெருவெள்ளம் வந்தது. இவற்றுக்குத் தப்பிய மெசின்களே இன்னும் பல வீடுகளில் ஒரே சொத்து. 2020 மார்ச் முதல் 2025 வரை நாட்டில் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்ததும், 2022 நெருக்கடியில் எல்லாவற்றின் விலையும் ஏறியதும், பழையதையே பழுதுபார்த்து ஓட்டும் நிலையை மேலும் இறுக்கிவிட்டன. மெசி பேர்குசன் 135 என்ற மெசின் 1964இன் கடைசியில் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் பின்வந்தது 240. இரண்டிலும் இருப்பது பேர்க்கின்ஸ் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர், இரண்டரை லீற்றர் டீசல் இயந்திரம். இந்த எழுத்தில் அதையே உதாரணமாகக் கொள்வோம். வான், லொறி வைத்திருப்போருக்கும் விதி ஒன்றுதான்.

பில்ற்றர் பெரிதானால் என்ன நன்மை?

இயந்திரத்தின் அடித்தொட்டியிலுள்ள ஒயிலைப் பம்பு இழுத்து, பில்ற்றரின் மடிப்புக் காகிதத்தினூடாகத் தள்ளி, சுழல்தண்டின் பெயரிங்குகளுக்கு அனுப்புகிறது. அங்கே உலோகமும் உலோகமும் தொடாமல் மிக மெல்லிய ஒயில் படலமொன்று தாங்கி நிற்கிறது. மேற்சொன்ன பேர்க்கின்ஸ் இயந்திரத்தில், சூடேறி முழு வேகத்தில் ஓடும்போது ஒயில் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 60 இறாத்தல் வரை இருக்க வேண்டும்.

பில்ற்றர் நீளமானால் உள்ளே காகிதத்தின் பரப்பும் பொதுவாகக் கூடும். ஆகவே அடைபடுவதற்கு முன் கூடிய அழுக்கைப் பிடித்து வைத்திருக்கும். ஒயிலும் இலகுவாகக் கடந்து செல்லும். நெடுநாள் நின்று, உள்ளே கசடு படிந்து, மீண்டும் வேலைக்கு இறக்கிய இயந்திரத்துக்கு இது உண்மையான நன்மை.

ஆனால் பெரிய பில்ற்றர் நுண்ணிய அழுக்கையும் பிடிக்கும் என்று எண்ண வேண்டாம். பில்ற்றர் காகிதம் நன்றாகப் பிடிப்பது ஏறத்தாழ 20, 30 மைக்குரோன் அளவுத் துணிக்கைகளை. தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்குரோன். டீசல் ஒயிலைக் கறுப்பாக்கும் புகைக்கரித் துணிக்கைகளோ பெரும்பாலும் ஒரு மைக்குரோனுக்கும் குறைந்தவை. வலையில் நெத்தலி தப்புவதுபோல அவை தப்பிச் செல்லும். அவற்றை வெளியேற்ற ஒரே வழி ஒயிலை மாற்றுவதுதான். "பெரிய பில்ற்றர் போட்டாச்சு, இந்தப் போகம் முழுக்க ஒயில் மாத்தத் தேவையில்லை" என்று சொல்பவர் பில்ற்றரில் மிச்சம் பிடித்த காசைப் பெயரிங்குக்குக் கொடுக்கப் போகிறார்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

பழைய பில்ற்றரைக் கழற்றி, ஒயிலை வடித்து, சீலையில் சுற்றிக் கையோடு கொண்டு போங்கள். "நானா, பழசு கொண்டந்திருக்கன், வெச்சுப் பாப்பம்" என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் மறுக்கமாட்டார்.

முதலில் புரி. அதிகமான ஏமாற்றம் இங்கேதான். பேர்க்கின்ஸ், ரொயோற்றா ஆகியவற்றின் பில்ற்றர்களிற் பலவற்றில் இருப்பது முக்கால் அங்குலப் புரி. அதாவது விட்டம் 19.05 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 16 புரி. ஹொண்டா போன்ற வேறு பல யப்பானிய வாகனங்களில் இருப்பது 20 மில்லிமீற்றர் புரி. அதில் ஒரு புரிக்கும் அடுத்ததற்கும் இடையிலான தூரம் 1.5 மில்லிமீற்றர், மற்றதில் ஏறத்தாழ 1.59. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 20 மில்லிமீற்றர் பில்ற்றரை முக்கால் அங்குல நிபிளில் திருகினால் அது தளர்வாக ஏறி, கடைசியில் இறுகியதுபோலவும் காட்டும். புரியின் நுனிகள் மாத்திரம் கௌவிப் பிடித்திருக்கும்.

அந்தப் பிடியின்மேல் வரும் சுமையைக் கணக்கிட்டுப் பாருங்கள். ரப்பர் வளையத்தின் விட்டம் 7 சென்ரிமீற்றர் என்றால் அதன் உட்பரப்பு ஏறத்தாழ 38 சதுர சென்ரிமீற்றர். 60 இறாத்தல் அமுக்கத்தில் பில்ற்றரைக் கீழே தள்ளும் விசை சுமார் 160 கிலோ. மூன்று அந்தருக்கு மேல்! குளிர்ந்த ஒயிலோடு ஸ்ரார்ட் செய்யும்போது அமுக்கம் இன்னும் ஏறும். நுனிப் பிடி விட்டுப் பில்ற்றர் கழன்றால், அடித்தொட்டியிலுள்ள ஏழு லீற்றர் அளவான ஒயிலையும் பம்பே வெளியே இறைத்துவிடும். உழவுச் சத்தத்தில் ஓட்டுபவருக்குத் தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும்.

எனவே கடையிலுள்ள போல்ற்றுகளில் உங்கள் பழைய பில்ற்றருக்கு ஆட்டமின்றி ஏறும் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதையே புதியதிலும் திருகிப் பாருங்கள். இரண்டிலும் ஒரேமாதிரி, பக்கவாட்டில் ஆடாமல் ஏற வேண்டும்.

அடுத்து ரப்பர் வளையம். பழையதன் வளையத்தையும் புதியதன் வளையத்தையும் முகத்துக்கு முகம் வைத்து, அடிமட்டத்தால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றையும் அளக்க வேண்டும். இயந்திரத்தில் வளையம் அமரும் தட்டையான முகத்துக்கு வெளியே அது ஒரு பக்கம் பிதுங்கினாலும் கசியும்.

உள்ளே இருக்கும் வால்வுகளைத்தான் பலரும் மறந்துவிடுகின்றனர். காகிதம் அடைபட்டாலோ குளிரில் ஒயில் தடித்தாலோ, சுருள்வில்லோடு கூடிய சிறிய வால்வொன்று திறந்து, வடிக்காத ஒயிலையாவது பெயரிங்குக்கு அனுப்பும். அழுக்கு ஒயில் கெடுதிதான். ஒயிலே இல்லாமை அதனிலும் பெருங்கெடுதி. சில இயந்திரங்களில் இந்த வால்வு இயந்திரத்திலேயே இருக்கும். சிலவற்றில் பில்ற்றருக்குள் இருக்கும். பில்ற்றருக்குள் வால்வை எதிர்பார்க்கும் இயந்திரத்துக்கு வால்வில்லாத பில்ற்றரைப் பூட்டினால், அது அடைபடும் நாளில் இயந்திரம் பட்டினி கிடக்கும். நடுத்துவாரத்தில் ரோச் அடித்துப் பார்த்தால் சிலவற்றில் அடியிலே வில் தெரியும், எல்லாவற்றிலும் தெரியாது. ஆகவே பில்ற்றர் கம்பனியின் பொருத்தப் பட்டியலில் உங்கள் இயந்திரத்தின் பெயரும் பெரிய பில்ற்றரின் இலக்கமும் ஒரே வரியில் இருக்கின்றனவா என்று கடைக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் ஹைட்ரோலிக் பில்ற்றரை எக்காரணம் கொண்டும் ஒயிலுக்குப் பூட்ட வேண்டாம். அதன் வால்வும் காகிதமும் வேறு வேலைக்கானவை.

சுற்றிவரவுள்ள சிறு துவாரங்களினூடாகத் தெரியும் ரப்பர் மடலையும் கவனியுங்கள். மெசினை நிறுத்தியபின் ஒயில் பின்னோக்கி வடிந்துவிடாமல் அது தடுக்கிறது. பில்ற்றர் படுத்த நிலையிலோ வாய் கீழாகவோ பூட்டப்பட்டிருந்தால் இது அவசியம். வாய் மேலாகத் தொங்கினால் அவ்வளவு முக்கியமில்லை.

கடைசியாக இடவசதி. கூடும் நீளத்துக்கு மெசினில் இடமுண்டா என்று வீட்டிலேயே அளந்து கொண்டு போக வேண்டும். ஸ்ரியறிங் கம்பி, புகைக்குழாய் ஆகியவற்றிலிருந்து இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். சேற்றுழவில் மெசின் தாழும்போது வரம்போ கட்டையோ தட்டும் அளவுக்கு அது கீழே இறங்கவும் கூடாது.

பேர்க்கின்ஸ் வைத்திருப்போருக்கு ஒரு செய்தி. அந்நிறுவனத்தின் 2654403 என்ற இலக்கம் குட்டையான பில்ற்றர், 2654407 நீளமானது. இரண்டுக்கும் முக்கால் அங்குலப் புரியே. கடையில் "பெரிய சைஸ்" என்று தருவது இதுவாக இருந்தால் நல்லது. அப்போதும் மேற்சொன்னவற்றை ஒருமுறை பார்த்தே வாங்குங்கள்.

கிண்ண வகை பில்ற்றர்

மெசி 35இலும் ஆரம்பகால 135இலும் திருகும் பில்ற்றர் இல்லை. நடுவே நீண்ட போல்ற்றுப் போட்ட உலோகக் கிண்ணமும், அதற்குள் தனிக் காகித உருளையும் இருக்கும். இதைத் திருகும் வகைக்கு மாற்ற விசேட தலைப்பகுதி விற்பனைக்கு உண்டு. மாற்றியபின் பில்ற்றர் கிடைப்பது இலகு. ஆனாலும் கிண்ணம் நல்ல நிலையிலிருந்து, உருளையும் ரப்பரும் கிடைக்குமானால், அதை மாற்ற வேண்டியதில்லை என்பதே எமது எண்ணம். காரணம், அதைத் திறந்து பார்க்கலாம். உருளையின் மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால், மினுங்கும் உலோகத் துகள் இருக்கிறதா என்பது உடனே தெரியும். செப்பு நிறமோ வெள்ளி நிறமோ கூடுதலாகக் கண்டால், மெசினை உழவுக்கு இறக்குமுன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

தொண்ணூறுகளில் எரிபொருள், பற்றரி போன்றவை வாவியைக் கடப்பதே கட்டுப்படுத்தப்பட்டிருந்த நாட்களில், காகித பில்ற்றரை டீசலிற் கழுவி மீண்டும் போட்டவர்கள் உண்டு. வேறு வழியிருக்கவில்லை. இன்று அது வேண்டாம். கழுவும்போது வெளியழுக்கு உட்பக்கம் போகும்; நனைந்து தேய்த்த காகிதம் கிழியும். கிழிந்த இடத்தினூடாக எல்லாமே பெயரிங்குக்குப் போகும்.

பூட்டும்போது

பழைய ரப்பர் வளையம் இயந்திரத்தின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்பதுண்டு. அதன்மேல் புதியதைப் பூட்டினால் இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, ஒயில் பீறிடும். விரலால் தடவிப் பார்த்தபின்பே பூட்டுங்கள். புதிய வளையத்தில் ஒயில் பூசி, கையாலேயே திருக வேண்டும். புரி பிடித்ததிலிருந்து வளையம் முகத்தைத் தொடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று சுற்றிலேயே தொட்டுவிட்டால் நிபிளில் பிடி போதாது, கழற்றிவிடுங்கள். தொட்டபின் இன்னும் முக்கால் சுற்று போதும்.

ஸ்ரொப் கம்பியை இழுத்துப் பிடித்தபடி சிறிது சிறிதாக ஸ்ரார்ட்டரைச் சுழற்றி, அமுக்கமானியின் முள் அசைவதைக் கண்டபின்பே இயந்திரத்தை இயங்க விடுங்கள். முள் பழுதென்றால் முதலில் அதைத் திருத்துவதே நல்லது. குறைந்த வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பில்ற்றரின் விளிம்பைச் சுற்றி விரலால் தடவுங்கள். நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து அளவுகோலைப் பாருங்கள். பெரிய பில்ற்றர் கொஞ்சம் கூடுதலாக ஒயில் குடிக்கும். அந்த அளவை ஊற்றி நிரப்ப வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற மெசினென்றால் இதெல்லாம் இரண்டாவது. முதலில் அடித்தொட்டிப் பூட்டைக் கழற்றி ஒயிலைப் பாருங்கள். பால்தேநீர் நிறமென்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்ரார்ட் செய்யாமலே முழுவதையும் வடித்து, மலிவான ஒயிலும் சிறிய பில்ற்றரும் போட்டுச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்தபின் நல்லதைப் போடுங்கள். பெரிய பில்ற்றரை அதுவரை பெட்டியிலேயே வைத்திருங்கள்.

லாண்ட்மாஸ்டர் வைத்திருப்போர் பலருக்கு இந்தத் தேடல் இல்லை. ஒற்றைச் சிலிண்டர் இயந்திரங்கள் பலவற்றில் இருப்பது கம்பி வலை மட்டுமே. ஒயில் மாற்றும்போது அதைக் கழற்றி டீசலிற் கழுவலாம். காகிதமில்லாததால் அங்கே ஒயிலை நேரத்துக்கு மாற்றுவது இன்னும் முக்கியம்.

பொருந்தியது எதுவோ அதன் இலக்கத்தை, மாற்றிய திகதியோடு, மட்காட்டின் உட்புறத்தில் பெயின்ற்றால் எழுதி வையுங்கள். பெட்டியும் சிட்டையும் தொலைந்துவிடும். அடுத்த போகம் கடைக்குப் போவது மகனாகவோ மருமகனாகவோ இருக்கலாம்.