வர்ணம் கலையாமல் நெளிவை நீக்கும் முறை: எந்த வாகனத்துக்குப் பொருந்தும்?

வீடு, வளவுக்கு அடுத்தபடியாக நமது நாட்டின் நடுத்தரக் குடும்பமொன்று பெருந்தொகை கொடுத்து வாங்கும் சொத்து வாகனமே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்தாண்டு காலத்தில், கைவசமிருந்த வாகனத்தைப் பேணிக்கொள்வதைத் தவிர மக்களுக்கு மாற்று வழி இருக்கவில்லை. இறக்குமதி மீண்டும் ஆரம்பித்த பின்னரும், வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் என்பது பலருக்கு எட்டாக்கனியாகவே இருந்து வருகின்றது. பத்து, பதினைந்து வருடப் பழைய கார் ஒன்று, வாங்கிய விலையைவிடக் கூடுதலான விலைக்குக் கைமாறும் விசித்திரத்தையும் நாம் கண்டிருக்கின்றோம்.

இவ்வாறான சொத்தின் கதவிலோ பொனட்டிலோ ஒரு நெளிவு விழுந்தால் நாம் செய்வது என்ன? புறக்கோட்டையின் நெருக்கடியான தெருவில் கைவண்டி ஒன்று இடித்துச் செல்கின்றது. கடைத்தொகுதியின் தரிப்பிடத்தில் பக்கத்து வாகனத்தின் கதவு மோதுகின்றது. தென்னை மரத்தடியில் நிறுத்திய வாகனத்தின் கூரையில் குரும்பை விழுகின்றது. உடனே அறிந்த கராஜுக்குக் கொண்டு செல்கின்றோம். அங்கே தகரத்தைத் தட்டி, வர்ணத்தைச் சுரண்டி, புட்டி பூசித் தேய்த்து, மீண்டும் வர்ணம் விசிறித் தருகின்றார்கள். நெளிவு உள்ளங்கை அளவாயினும் சரி, ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவாயினும் சரி, மருந்து ஒன்றுதான். வர்ணத்தில் ஒரு கீறலேனும் விழாத நெளிவுக்கும் இதே சிகிச்சை அளிக்கப்படுவதுதான் கவலைக்குரியது. தேய்க்கும் இயந்திரம் வர்ணத்தில் பட்ட மறுகணம், மீளப் பெற முடியாத ஒன்றை அவ்வாகனம் இழந்துவிடுகின்றது.

தொழிற்சாலையில் பூசப்படும் வர்ணம் வெறும் நிறமன்று. வாகனத்தின் வெற்றுடல் முதலில் தொட்டியொன்றில் அமிழ்த்தப்பட்டு, மின்சாரத்தின் உதவியுடன் துருத்தடுப்புப் பூச்சு அதன் மூலைமுடுக்குகளிலெல்லாம் படியவைக்கப்படுகின்றது. அப்பூச்சு ஏறத்தாழ 160 முதல் 180 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் சுடப்படும். அதன் மேல் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, பளபளப்பைத் தரும் தெளிபூச்சு என்பன ஏற்றப்பட்டு, 140 பாகை அளவில் மீண்டும் சுடப்படும். இத்தனை அடுக்குகளும் சேர்ந்த தடிப்பு பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் வரையிலேயே இருக்கும். அதாவது ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கண்ணாடியும் இறப்பரும் ஆசனங்களும் பொருத்தப்பட்ட வாகனத்தை எந்தக் கராஜிலும் இவ்வளவு வெப்பத்தில் சுட முடியாது. வசதி படைத்த பணிமனைகளின் சூட்டறைகளில்கூட 60 பாகை அளவே வழக்கம். எனவே, வர்ணம் பூசுபவர் எத்துணை வல்லவராயினும், அவரால் தொழிற்சாலைப் பூச்சைப் பிரதிபண்ண முடியாது. யாழ்ப்பாணம், மன்னார், காத்தான்குடி, நீர்கொழும்பு போன்ற கரையோரப் பகுதிகளில் உப்புக்காற்று இந்த வேறுபாட்டைச் சில வருடங்களிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

வாகனம் விற்கும் விளம்பரங்களில் ‘ஒரிஜினல் பெயின்ற்’ என்ற சொற்கள் தவறாமல் இடம்பெறுவதன் காரணமும் இதுவே. முன்பு விரல் மடக்கித் தட்டிப் பார்த்தவர்கள் இன்று வர்ணத்தின் தடிப்பை அளக்கும் சிறு கருவியுடன் வருகின்றார்கள். ஒரு கதவில் 120 என்றும் அடுத்த கதவில் 600 என்றும் அக்கருவி காட்டினால், ‘விபத்துக்குள்ளான வாகனம்’ என்ற சந்தேகம் எழுந்து விலை சரிகின்றது. உண்மையில் நடந்தது ஒரு துவிச்சக்கர வண்டியின் கைப்பிடி பட்ட சிறு நெளிவாக இருக்கலாம். அதை யார் நம்புவார்?

‘பெயின்ட்லெஸ் டென்ட் ரிப்பேர்’ என அழைக்கப்படும் முறை இந்த இழப்பைத் தவிர்க்கவே தோன்றியது. வர்ணம் பூசி முடித்த கார்களில் நேரும் சிறு நெளிவுகளைத் தொழிற்சாலைகளிலேயே பின்புறமிருந்து அழுத்திச் சரிசெய்யும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. அதைத் தனித் தொழிலாக வளர்த்துவிட்டது ஆலங்கட்டி மழை. 1984 ஜூலை 12ஆம் திகதி ஜேர்மனியின் மியூனிக் நகரைத் தாக்கிய ஆலங்கட்டிப் புயலில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் கார்கள் சேதமடைந்தன. ஒவ்வொரு காரிலும் எண்ணற்ற குழிகள். வர்ணமோ பெரும்பாலும் உடையவில்லை. இவ்வாறான அனர்த்தங்களின்போது அத்தனை வாகனங்களையும் சுரண்டி மீள வர்ணம் பூசுவது காப்புறுதி நிறுவனங்களுக்குக் கட்டுபடியாகாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஆலங்கட்டி மழைக் காலத்தைப் பின்தொடர்ந்து ஊர் ஊராகச் செல்லும் திருத்துநர் கூட்டமே இன்று உண்டு.

செய்முறை கேட்பதற்கு எளிது. காரின் வெளித்தகடு பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்கு. மெதுவான இடியில் அது இழுபட்டு நீள்வதில்லை, மடங்கிக் குழிகின்றது. சுற்றியுள்ள தகடு பழைய வடிவுக்குத் திரும்பவே முனைகின்றது. வளைந்த நுனியுள்ள நீண்ட உருக்குக் கம்பிகளைத் தகட்டின் பின்புறம் செலுத்தி, குழியைச் சிறிது சிறிதாக வெளியே அழுத்துகின்றார்கள். குழியைச் சுற்றி எழும் மேட்டை மென்மையான பிளாஸ்டிக் முனையால் தட்டி இறக்குகின்றார்கள். பின்புறத்தை எட்ட முடியாவிடில், வெளிப்புறத்தில் சூடான பசையால் சிறு பிளாஸ்டிக் குமிழ் ஒன்றை ஒட்டி இழுத்து, பின்னர் பசையைக் கரைத்து அகற்றுகின்றார்கள்.

இதில் திருத்துநரின் கண்ணாக விளங்குவது விளக்கு. கோடுகள் தெரியும் ஒளிப்பலகையொன்றை வாகனத்தின் அருகே நிறுத்தினால், அக்கோடுகள் வர்ணத்தில் பிரதிபலிக்கும். தகடு சீராக இருக்குமிடத்தில் கோடு நேராக ஓடும்; குழியிலும் மேட்டிலும் அது வளைந்து உருமாறும். கம்பியின் நுனி எங்கே நிற்கின்றது என்பதைத் திருத்துநர் அந்தப் பிரதிபலிப்பைக் கொண்டே அறிகின்றார். ஓரிடத்தில் சற்று மிகையாக அழுத்தினால் பரு எழும்பும். மேலும் மிகைத்தால் வர்ணம் வெடிக்கும். பொறுமையற்றவர் கைவைக்கக் கூடாத தொழில் இது.

எல்லா நெளிவுக்கும் இது மருந்தன்று என்பதையும் கூறியாக வேண்டும். வர்ணம் வெடித்திருந்தால் அர்த்தமில்லை. கூர்மையான பொருள் குத்தித் தகடு இழுபட்டிருந்தால், முழுமையாகச் சமப்படுத்துவது கடினம். தகட்டின் மடிப்பு விளிம்புகளும், கூரையைத் தாங்கும் தூண்களும் கம்பிக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. முன்னரே புட்டி பூசப்பட்ட இடமெனில், அழுத்தும்போது புட்டி உடைந்து உதிரும். மீள வர்ணம் பூசப்பட்ட தகட்டில் பசை கொண்டு இழுத்தால், குமிழுடன் வர்ணமும் கழன்று வரக்கூடும்.

இனி வாகன வகைகளைப் பார்ப்போம். கார்களுக்கே இம்முறை மிகவும் பொருந்தும். கதவின் கண்ணாடி இறங்கும் இடைவெளியூடாகவும், விளக்குகளைக் கழற்றிய துவாரங்களூடாகவும், கூரையின் உட்துணியை இறக்கியும் தகட்டின் பின்புறத்தை அடையலாம். கதவினுள்ளே மோதலைத் தாங்கும் உருக்குச் சட்டம் ஒன்று உண்டு. நெளிவு சரியாக அதன் எதிரே அமைந்துவிட்டால் வேலை சிக்கலாகும். கூரையின் ஓரத்தில் காற்றுப்பைகள் பொருத்தப்பட்ட வாகனங்களில், அவற்றின் அமைப்பை அறியாதவர் உட்துணியில் கைவைக்கக் கூடாது. கலப்பின, மின்சார வாகனங்களில் உயர் அழுத்த மின்வடங்கள் செம்மஞ்சள் நிற உறையுடன் ஓடும். அவை செல்லுமிடத்தில் கம்பி செலுத்துவது உயிராபத்தானது.

எல்லாக் காரும் உருக்கு என்று எண்ணுவதும் சரியன்று. நமது வீதிகளில் தாராளமாகக் காணப்படும் டொயோட்டா பிரியஸின் பொனட் அலுமினியத்தாலானது. மலையகத் தோட்டங்களில் ஒரு காலத்தில் துரைமாரின் அடையாளமாக இருந்த பழைய லாண்ட் ரோவரின் வெளித்தகடுகளும் அலுமினியமே. அலுமினியத்தின் மீள்விறைப்பு உருக்கின் மூன்றில் ஒரு பங்களவே. அழுத்திய இடத்தில் அது அப்படியே நின்றுவிடும். பழைய வடிவுக்குத் திரும்பும் நாட்டம் குறைவு. திரும்பத் திரும்ப அழுத்தினால் இறுகி வெடிக்கும். இதமான சூடேற்றி, உருக்குக்கு எடுக்கும் நேரத்தைவிடக் கூடுதலாக எடுத்துச் செய்ய வேண்டியிருப்பதால் கூலி கூடுவது நியாயமே. நிசான் எக்ஸ்ட்ரெயிலின் முதற்தலைமுறை வாகனங்களில் முன்பக்க மட்காட் பிளாஸ்டிக்; அதற்கு இம்முறை வேண்டியதேயில்லை. மெல்லிய துணியில் சுற்றிய காந்தமொன்றை வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஒட்டினால் உருக்கு. உருக்கென்று அறிந்த இடத்தில் பிடி தளர்ந்திருந்தால், அடியில் புட்டி தடிப்பாக இருக்கின்றதென்று பொருள்.

பம்பர்களும் பெரும்பாலும் பிளாஸ்டிக்கே. கொதிநீர் ஊற்றி உட்புறமிருந்து தள்ளினால் குழி வெளியே வருவதுண்டு. இது வீட்டிலேயே செய்யக்கூடியது. ஆயின், இதே தந்திரத்தையும், சூடாக்கியபின் குளிர்வாயு அடிக்கும் தந்திரத்தையும் உருக்குக் கதவில் செய்துகாட்டும் காணொளிகளை நம்பி வர்ணத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பாடசாலைப் பிள்ளைகளையும் யாத்திரிகர்களையும் ஏற்றிச் செல்லும் வான்களின் பக்கத்தகடுகள் அகன்றவை, தட்டையானவை. உட்பலகையைக் கழற்றினால் பின்புறம் முழுதும் கைக்கு எட்டுவது நல்வாய்ப்பு. ஆனால் அகன்ற தட்டைத் தகட்டுக்கு ஒரு குணம் உண்டு: சற்று இழுபட்டுவிட்டால், பிஸ்கட் டின் மூடியைப் போல் விரல் பட்டதும் உள்ளே போய் வெளியே வரும். சுத்தியலால் ஓங்கித் தட்டிய வான்களில் இது அடிக்கடி நேர்கின்றது. கப் ரக வாகனங்களின் பின்பெட்டிக்கு இரட்டைச் சுவர். பின்விளக்கின் துவாரமே பெரும்பாலும் வாசல்.

முச்சக்கரவண்டியைப் பற்றி நமது கருத்து வேறு. அதன் பின்பக்கத் தகட்டை உள்ளிருந்தே எட்டலாம். அழுத்தி எடுப்பதும் இயலும். எனினும், பல வண்டிகள் ஏற்கனவே பலமுறை வர்ணம் கண்டவை. காக்க வேண்டிய தொழிற்சாலைப் பூச்சே இல்லாதபோது, அதற்கென ஒரு நாள் உழைப்பையும் இழந்து மிகைக்கூலி கொடுப்பதில் பயனில்லை. பஸ்களின் நிலையும் அவ்வாறே. அவற்றின் உடல் சட்டகத்தின்மீது தகடு பொருத்திக் கட்டப்படுவதால், கெட்ட தகட்டை மாற்றுவதே சிக்கனம். லொறிகளில் சாரதியின் அறைக்கு மட்டும், அதுவும் சிறு நெளிவாயின், இம்முறையைக் கருதலாம்.

மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கி தனிக்கவனத்துக்குரியது. நெளிவு எப்போதும் கண்ணெதிரே இருப்பதால் சொந்தக்காரருக்குப் பொறுக்க முடிவதில்லை. கம்பி செலுத்தக் கிடைப்பதோ பெற்றோல் ஊற்றும் வாய் மாத்திரம். தாங்கியின் நடுவே கீழிருந்து மேலெழும் இரட்டைத் தகடு பல இடங்களை மறைத்துவிடுகின்றது. ஆகவே, பசை கொண்டு இழுப்பதே வழக்கம். ஒட்டுப்படம் உள்ள இடத்தில் அதுவும் ஆகாது, படம் பிய்ந்துவிடும். பெற்றோலை வடித்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டதெனப் பலர் நினைக்கின்றனர். வடித்த தாங்கியில் எஞ்சும் ஆவியே தீப்பொறிக்குக் காத்திருப்பது. நன்றாக ஆவி நீக்கிய பின்னரே கம்பியோ சூடோ அதனருகே செல்ல வேண்டும்.

பணத்துக்கு அப்பாற்பட்ட ஒரு விடயமும் இங்குண்டு. இன்று வாகனங்களுக்குப் பூசப்படும் இருகலவைத் தெளிபூச்சுகளில் ஐசோசயனேற் எனும் இரசாயனம் கலந்துள்ளது. அதன் நுண்துளிகளைத் தொடர்ந்து சுவாசிப்போருக்கு ஆஸ்துமா ஏற்படும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால், பின்னர் சிறு அளவும் மூச்சை அடைக்கும். வெளியிலிருந்து தூய காற்றைத் தரும் முகமூடியே இதற்குத் தகுந்த பாதுகாப்பு. நமது சிறு கராஜ்களில் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு வர்ணம் விசிறும் இளைஞரை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். புட்டியைத் தேய்க்கும் தூசு அதற்கு மேலதிகம். நாணயமளவு நெளிவொன்றுக்காக ஒருவர் அதைச் சுவாசிக்க வேண்டியதில்லை.

போலிகள் இத்தொழிலிலும் நுழைந்துவிட்டனர். தகட்டின் பின்புறத்தையோ கதவின் ஓரத்தையோ துளைத்துக் கம்பி செலுத்திவிட்டு, துளையை இறப்பர் மூடியால் மறைப்பவர்கள் உண்டு. துளைத்த இடத்தில் துருத்தடுப்புப் பூச்சு அறுபட்டு, ஈரம் புகுந்து உள்ளிருந்து துரு அரிக்கும். ஆகவே, எவ்வழியாகக் கம்பி செல்லும் என்று வேலையைக் கொடுக்குமுன் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. வேலை முடிந்தபின் வெயிலில் நின்று பார்த்துத் திருப்திப்பட்டுவிடாமல், கோடு தெரியும் விளக்கின் முன் காட்டச் சொல்ல வேண்டும். சிறு நெளிவுக்காகக் காப்புறுதி இழப்பீடு கோருமுன், கோரிக்கையற்ற ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் கட்டணக் கழிவு எவ்வளவு குறையும் என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. பல வேளைகளில் கைப்பணம் கொடுத்து நெளிவை எடுப்பதே இலாபம். மறுபுறம், வர்ணம் உடையாத நெளிவுக்கு முதலில் இம்முறையைப் பரிந்துரைக்குமாறு காப்புறுதி நிறுவனங்கள் தமது மதிப்பீட்டாளர்களைப் பணித்தால், செலவு குறைவது அவர்களுக்கும்தான்.

திருத்துநர் எங்கிருந்து வருவது? வளைகுடா நாடுகளின் வாகனப் பணிமனைகளில் நமது தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் பலர் உழைக்கின்றனர். அங்கு இக்கலையைக் கற்றுத் திரும்புவோர் இங்கு பிறருக்குக் கற்பிக்க வழி செய்யப்பட வேண்டும். 1959இல் ஆரம்பிக்கப்பட்டு மொறட்டுவையில் இயங்கிவரும் இலங்கை – ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகமும், 2016இல் கிளிநொச்சி அறிவியல்நகரில் திறக்கப்பட்ட பயிற்சி நிறுவகமும் வாகனத் தொழில்நுட்பத்துக்குப் பெயர் பெற்றவை. டிங்கரிங், வர்ணம் பூசுதல் ஆகியவற்றுடன் இதனையும் முறையான பாடமாக்கிச் சான்றிதழ் வழங்கினால், கம்பித் தொகுதி ஒன்றும் விளக்கு ஒன்றும் கொண்டு ஒருவர் சொந்தமாகத் தொழில் தொடங்கலாம். வர்ணம் பூசும் அறையோ பெரிய இயந்திரங்களோ வேண்டியதில்லை; மாதக்கணக்கான பயிற்சிதான் வேண்டும். பழைய வாகனங்களைப் பிரித்து விற்கும் இடங்களில் கழித்த கதவுகளும் பொனட்டுகளும் குவிந்து கிடக்கின்றன. கை பழகுவதற்கு அவை போதும்.