பாடப் புஸ்தகமும் சாராயக் கடையும்

நெல்லூர் ஜில்லாவில் தூபகுண்டா என்றொரு சிறு கிராமம். அங்கே கூலிக் காசு சாராயக் கடைக்குப் போகும். அடியும் உதையும் வீட்டுக்கு வரும். "அது அவர்கள் குடும்ப விஷயம்" என்று அயலார் கதவைச் சாத்திக்கொள்வார்கள். (நாம் மட்டும் வேறென்ன செய்கிறோம்?)

1990-களின் ஆரம்பத்தில் அவ்வூருக்கு முதியோர் கல்வி வந்தது. எழுத்துக் கூட்டக் கற்ற ஸ்திரீகள், பாடப் புஸ்தகத்தில் தங்கள் கதையையே கண்டார்கள். தனித்தனியே அழுதவர்கள் ஒன்றாய்த் திரண்டு சென்று கடையை மூடுவித்தார்கள். ஒருத்தி வாங்கிய அடி அன்று ஊர் விஷயமாயிற்று! 1930-இல் மதுக்கடை மறியலைக் காந்தியடிகள் பெண்களிடம் ஒப்படைத்ததன் காரணம் நமக்கு இப்போது விளங்குகிறது.

கிளர்ச்சி ஜில்லா முழுதும் பரவிற்று. 1993 அக்டோபரில் ஆந்திர சர்க்கார் சாராயத்தைத் தடை செய்தது. 1995-இல் பூரண மதுவிலக்கும் வந்தது. 1997-இல் அதைத் தளர்த்திவிட்டார்கள். கஜானாவுக்கு வருமானம் போதவில்லையாம்!