உங்களுக்குத் தெரியுமா? 3 செவிலியர், 24 மணி நேரப் பிரசவ அறை

ஒரு கிராமத்துப் பிரசவ அறை இரவு பகலாக இயங்க, சுழற்சி முறையில் 3 செவிலியர்கள் போதும்! ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் செய்து காட்டிய மாநிலம் தமிழ்நாடு. மருத்துவர் வந்து சேராத நேரத்திலும், பயிற்சி பெற்ற செவிலியரே சுகப்பிரசவம் பார்க்கலாம்.

• 21 நாள்: செவிலியர்களுக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் தேசிய அளவில் வகுக்கப்பட்ட பிரசவப் பயிற்சியின் காலம் இது. வகுப்போடு முடிவதில்லை, பிரசவ அறையில் நின்று தாங்களே பிரசவம் பார்த்துப் பழக வேண்டும்.

• உயிர் காக்கும் ஊசி: கர்ப்பகால வலிப்பு கண்ட தாய்க்கு, பயிற்சி பெற்ற செவிலியரே மக்னீசியம் சல்பேட்டின் முதல் தவணையைப் போடலாம். போட்ட கையோடு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும்.

• 18 மாதம்: 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சுகப்பிரசவத்தைச் சொந்தப் பொறுப்பில் கவனிக்கும் மகப்பேறு செவிலியராக 18 மாதம் படிக்க வேண்டும். அதில் சேர, செவிலியர் படிப்போடு பிரசவம் பார்த்த அனுபவமும் கட்டாயம். செவிலியர்களுக்கு உலக மருத்துவச்சிகள் கூட்டமைப்பு வகுத்த குறைந்தபட்சப் படிப்புக் காலமும் இதுவே.

• 16 வாரம்: மகப்பேறு நிபுணர் பற்றாக்குறையைச் சமாளிக்க, எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்குச் சிசேரியன் உட்பட அவசரப் பிரசவ சிகிச்சையை 16 வாரத்தில் கற்றுத்தரும் திட்டமும் தொடங்கப்பட்டது.

• கடலூர் பெயர், சிதம்பரம் முகவரி: மருத்துவர்களும் படிக்கும்போதே மகப்பேறு பிரிவில் பழகுகிறார்கள்; ஓர் எடுத்துக்காட்டு இது. கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பது சிதம்பரம் அண்ணாமலை நகரில். 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிய இக்கல்லூரியில், மருத்துவ மாணவர்கள் பயிற்சிக் காலத்தில் மகப்பேறு பிரிவிலும் கட்டாயம் பணிபுரிகிறார்கள்.