கல்யாண நாள் ஸ்தோத்திரமும் ஒரு விடுபட்ட வினைச்சொல்லும்

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் கல்யாண நாள் கேக்கோடு முடிகிற சமாச்சாரமில்லை. ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் போகும்; பெயரும் வருஷக் கணக்கும் வாசிக்கப்படும்; தம்பதியர் முன்னே போய் நிற்க ஐயர் ஜெபிப்பார். இச்சடங்கின் எழுவாய் தம்பதியர் அல்ல, கடவுள். சேர்ந்து வாழ்ந்தது அவர்கள் சாதனையல்ல, கிருபை. எனக்கு இது பிடித்தே இருக்கிறது.

சிக்கல் அந்த எண்ணில். 1869ஆம் வருஷத்து இந்திய விவாகரத்துச் சட்டத்தில் கணவனுக்கு மனைவியின் விபசாரம் ஒன்றே போதும். மனைவிக்கு அது போதாது. கூடவே கொடுமை, இரண்டு வருஷக் கைவிடல் போன்ற இன்னொன்றையும் காட்டணும். அடி உதை மட்டுமென்றால் பிரிந்து வாழலாம், விவாகரத்து கிடையாது. இது திருந்தியது 2001இல். அதற்கு முன் வாசிக்கப்பட்ட இருபத்தைந்துகளில் கிருபை எவ்வளவு, பூட்டிய கதவு எவ்வளவு?

சாயங்கால ஜெபக்கூட்டத்தில் எபேசியர் 5:22 வரும்: மனைவி கீழ்ப்படிய வேண்டும். ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் 21ஐ நம்மாட்கள் தாண்டிவிடுகிறார்கள். மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 22இல் வினைச்சொல்லே இல்லை. 21இலிருந்துதான் அதைக் கடன் வாங்கவேண்டும். (தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்தப் பயனிலை விஷயம் கண்ணில் உறுத்தாமல் இருக்குமா?) தனியே நிற்கமுடியாத வாக்கியத்தைப் பிய்த்தெடுத்து அதன்மேல் ஆண் அதிகாரம் குடித்தனம் நடத்துகிறது.

நான் பார்த்தவரை, சாட்சி சொல்ல எழுவது கணவர்தான். அந்த அம்மா பக்கத்தில் நிற்பார். ஐயர் 21இலிருந்து வாசிக்கட்டும். அடுத்த வருஷம் முதல் சாட்சியை அந்த அம்மா சொல்லட்டும், வருஷங்களைத் தன் கணக்குப்படி எண்ணி.