ஆல்ப்ஸ் மலையில் எங்கே நிற்பது?

வெளிநாடு போய்த் திரும்பிய மாணவனிடம் நண்பர்கள் கேட்கும் முதற் கேள்வி, “என்னென்ன பார்த்தாய்?” என்பதுதான். ஊர்ப் பெயர்களை வரிசையாக அடுக்கினால் கேட்பவருக்குத் திருப்தி, சொல்பவனுக்குப் பெருமை. ஆனால் மோட்டார் சைக்கிளில் மலைநாடு சுற்றி வந்தவனிடம், “எங்கே நின்றாய்? எதைப் பார்க்காமல் விட்டாய்?” என்றே கேட்க வேண்டும். எதை விடுவது என்று தெரியாமல் புறப்பட்டால், பார்க்கப் போனதையும் பார்க்காமல் திரும்ப நேரிடும். இதை நான் கைப்பணம் செலவழித்துக் கற்றுக்கொண்டேன்.

சென்ற ஆண்டு ஆராய்ச்சிப் பணியாக ஜெர்மனியில் மியூனிக் நகரில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். மதுரைக்காரரான நண்பர் ஒருவரும் அங்கே இருந்தார். ஜூன் மாதக் கடைசியில் ஆறு நாள் ஓய்வு கிடைத்தது. இருவரும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஆஸ்திரியா வழியாக இத்தாலியின் டோலமைட் மலைகளுக்குப் போய், ஸ்டெல்வியோ கணவாயில் ஏறி, ரெஷன் கணவாய் வழியாகத் திரும்புவது என்று தீர்மானித்தோம். நம் சங்கத்து நண்பர்கள் சிலர் வரும் கோடையில் அந்தப் பக்கம் போக எண்ணியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எட்டு இடங்கள், எட்டு அரை மணிகள்

முதல் நாள் இரவு ஆஸ்திரியாவில் மிட்டர்ஸில் என்ற சிற்றூரில் தங்கினோம். மறுநாள் திட்டத்தில் எட்டு இடங்கள் இருந்தன. கிரிம்ல் அருவி, கப்ரூன் மலையணைகள், செல் ஏரி, கிராஸ்கிளாக்னர் மலைப்பாதையில் மூன்று காட்சி இடங்கள், ஹைலிகன்பிளூட் தேவாலயம், லீன்ஸ் ஊருக்கருகே அகுண்டும் என்னும் ரோமானிய நகரத்தின் இடிபாடுகள். ஒவ்வொன்றுக்கும் அரை மணி என்று காகிதத்தில் எழுதினோம். தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். “டெல்லியிலிருந்து ஆக்ரா போகிற தூரம்கூட இல்லையே!” என்று சிரித்துக்கொண்டோம்.

கிரிம்ல் அருவி 380 மீட்டர் உயரத்திலிருந்து மூன்று கட்டமாக விழுகிறது. மேற்கட்டம் வரை பார்க்க வேண்டுமானால் ஒரு மணிக்கு மேல் நடந்து ஏற வேண்டும். கனத்த மேற்சட்டையும் பூட்ஸும் ஹெல்மெட்டுமாக நாங்கள் ஏறி இறங்கியபோது இரண்டரை மணி நேரம் போயிருந்தது. கப்ரூன் அணைகளுக்கு நம் வண்டியில் போக முடியாது; பஸ்ஸும் சாய்வு லிப்டும் மாறி மாறி ஏற வேண்டும்; அரை நாள் வேண்டும். இது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அதை விட்டுவிட்டு விரைந்தோம். கிராஸ்கிளாக்னர் பாதையின் சுங்கச் சாவடியை அடைந்தபோது பகல் மணி இரண்டரை.

இந்தப் பாதை 1935-ல் திறக்கப்பட்டது. பிரான்ஸ் வாலக் என்ற எஞ்சினீயர் வகுத்தது. நீளம் 48 கிலோமீட்டர்; கொண்டை ஊசி வளைவுகள் 36. மோட்டார் சைக்கிளுக்கும் முப்பது யூரோவுக்கு மேல் சுங்கம். நம் பணத்தில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல். அதைக் கொடுத்துவிட்டு நாங்கள் கண்டது வெள்ளை மேகம். எடெல்வைஸ்ஸ்பிட்சே என்ற 2,571 மீட்டர் உயரமுள்ள சிகரத்தில் நின்றால் முப்பதுக்கும் மேற்பட்ட பெருஞ்சிகரங்கள் தெரியுமாம். எங்களுக்கு எங்கள் வண்டியே சரியாகத் தெரியவில்லை. பாதையின் உச்சியான ஹோக்டோர் 2,504 மீட்டர் உயரம். அங்கே இடியும் மழையும் சேர்ந்துகொண்டன.

குளிரில் சற்று நின்று, கையுறையைப் பிழிந்து மாட்டிக்கொண்டு புறப்பட்டோம். நண்பர் முன்னே, நான் பின்னே. இரண்டு வளைவு கடந்ததும் எதிரே ஒரு சுற்றுலா பஸ் நேராக எங்கள் மீதே வந்தது. பஸ் டிரைவர் தவறான பக்கம் வருகிறார் என்றுதான் முதற்கணம் நினைத்தேன். தவறு எங்களுடையது. அந்நாட்டில் வண்டிகள் வலப்பக்கம் போக வேண்டும். களைப்பிலும் அவசரத்திலும் நம் ஊர்ப் பழக்கப்படி இருவருமே இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தோம்! டிரைவர் பிரேக் போட்டு நிறுத்தினார். ஒரு வார்த்தை பேசவில்லை; கையை நீட்டி எங்களுக்குரிய பக்கத்தைக் காட்டினார். அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கைசர் பிரான்ஸ் யோசப் மேட்டிலிருந்து ஆஸ்திரியாவிலேயே உயர்ந்த, 3,798 மீட்டர் உயரமுள்ள கிராஸ்கிளாக்னர் சிகரத்தையும், அதன் அடியில் கிடக்கும் பாஸ்டர்ஸே பனியாற்றையும் பார்க்கலாம். அந்தப் பனியாறு ஆண்டுதோறும் சுருங்கிப் பின்வாங்கி வருகிறது. இதைப் பார்க்கத்தான் முக்கியமாக வந்தோம்; இதைத்தான் பார்க்கவில்லை. அன்றிரவு ஹைலிகன்பிளூட்டில் ஈரத் துணியை உலர்த்திக்கொண்டே நண்பர் கேட்டார்: “ஏன்யா, நாம பார்க்க வந்தோமா, பட்டியல்ல கோடு போட வந்தோமா?” அங்கேயே பழைய திட்டத்தைக் கிழித்துப் போட்டோம்.

ஒரு நிறுத்தத்தின் விலை

நிற்பது ஓய்வு என்று நாம் எண்ணுகிறோம். அப்படியன்று. முதலாவது, நேரம். இடம் பார்த்து வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டும் கையுறையும் கழற்றி, பையைப் பூட்டி, பிறகு அத்தனையும் திரும்ப மாட்டிக்கொள்ள எங்களுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. ஒன்றையும் பார்க்காமலே இருபது நிமிஷம்! இப்படி எட்டு முறை என்றால் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் அங்கேயே போய்விடும்.

இரண்டாவது, உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். மியூனிக் நகரம் 520 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 28 டிகிரி வெயிலில் வியர்த்தவன், ஹோக்டோர் போனால் 15 டிகிரியில் நிற்பான். ஓடும் வண்டியின் காற்றில் அது இன்னும் கடுமை. கோடையில் தரை சூடாகி எழும் ஈரக்காற்று மலையில் மோதி, பிற்பகலில் மேகமாகத் திரண்டு இடிமழையாகக் கொட்டுவது ஆல்ப்ஸில் வழக்கம். ஆகவே உயர்ந்த இடங்களுக்குக் காலையே உரியது. பள்ளத்தாக்கும் தேவாலயமும் அருங்காட்சியகமும் பிற்பகலுக்குப் போதும்.

மூன்றாவது, உயிர். வலப்பக்கம் ஓட்டிப் பழகாத நமக்கு ஒவ்வொரு நிறுத்தமும், மீண்டும் புறப்படும் அந்த அரை நிமிஷமும் ஆபத்தான வேளை. ஓடிக்கொண்டிருக்கும்போது முன்னே போகும் வண்டி நமக்கு வழி காட்டுகிறது. ஆளில்லாத ஓரத்திலிருந்து கிளம்பும்போது பழைய பழக்கம்தான் கைப்பிடியைத் திருப்புகிறது. அன்று முதல் இரண்டு விதிகள் செய்துகொண்டோம். சாலையின் வலப்பக்கத்தில் உள்ள இடத்திலேயே நிறுத்துவது; எதிர்ப்பக்கம் எத்தனை அழகாயினும் குறுக்கே கடந்து போய் நிறுத்துவதில்லை. புறப்படுமுன் இருவரும் உரக்க “வலம்!” என்று சொல்லிக்கொள்வது. பெட்ரோல் டாங்கின்மேல் வலப்பக்கம் காட்டும் அம்பு ஒன்றை ஒட்டியும் வைத்தோம். பார்த்தவர்கள் சிரித்திருக்கலாம், நாங்கள் பிழைத்தோம்.

புதிய கணக்கு

எங்கள் புதிய கணக்கு எளியது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய நிறுத்தம். அதற்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல். வழியில் சிறிய நிறுத்தம் இரண்டு. மழை பெய்தால் ஒதுங்குவதற்குக் கூரையுள்ள இடம் ஒன்று, மாற்றாக. இவற்றோடு, ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விட்ட ஒரு மணி நேரம். மலைப்பாதையில் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்றே கணக்கிட்டோம்.

மூன்றாம் நாள் இத்தாலிக்குள் நுழைந்தோம். பெயர்பெற்ற பிராயஸ் ஏரி பக்கத்திலேயே இருந்தும் அதை விட்டோம். (ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் கவனிக்க: அந்நாட்களில் பகல் வேளையில் முன்பதிவு இல்லாமல் அந்தப் பள்ளத்தாக்குக்குள் வண்டிகளை விடுவதில்லை.) அன்றைய பெரிய நிறுத்தம் பல்சாரேகோ கணவாய். அங்கிருந்து கம்பிவட வண்டியில் லகசுவோய் மலைமேல் போகலாம். முதல் உலகப் போரில் இத்தாலியரும் ஆஸ்திரியரும் அந்த மலையைக் குடைந்து ஒருவர்மேல் ஒருவர் வெடி வைத்துப் போரிட்டார்கள். அந்தச் சுரங்கங்கள் இன்றும் இருக்கின்றன. டோலமைட் மலைகளை யுனெஸ்கோ 2009-ல் உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. ஓடும் வண்டியிலிருந்து அழகிய பாறையாகத் தெரியும் மலைக்குள் அத்தனை இளைஞர்கள் மாண்ட கதை இருப்பதை, நின்று பார்த்ததால் அறிந்தோம்.

நான்காம் நாள் காலை 2,239 மீட்டர் உயரமுள்ள போர்டோய் கணவாயைக் கடந்து இறங்கும்போதே வானம் இருண்டது. இம்முறை கலங்கவில்லை. மாற்றாக வைத்திருந்த பொல்சானோ தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1991 செப்டம்பரில், 3,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பனிக்குள் கண்டெடுத்த ‘ஓட்ஸி’ என்ற மனிதனின் உடல் அங்கே குளிரறையில் இருக்கிறது. ஐயாயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்தவன். அவனுடைய செப்புக் கோடாரியும் புல் திணித்த காலணியும்கூடக் கெடாமல் உள்ளன. மலைப் பயணத்துக்கு அவன் செய்திருந்த ஆயத்தத்தைப் பார்த்தபோது எங்கள் முதல் நாள் திட்டத்தை எண்ணி வெட்கமாயிருந்தது.

ஐந்தாம் நாள் பிராட் என்ற ஊரிலிருந்து காலை ஆறு மணிக்கே புறப்பட்டோம். ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம். பிராட் பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்திருக்கிறது. ஆஸ்திரியப் பேரரசுக்காக 1820 முதல் 1825 வரை கார்லோ டோனகானி என்ற எஞ்சினீயர் அமைத்த பாதை இது. வெயில் கிழக்கிலிருந்து அந்தச் சரிவில் விழும் வேளையில் உச்சியில் நின்று, நாங்கள் ஏறி வந்த பாதையை மடித்துப் போட்ட நாடாவைப்போலக் கண்டோம். கூட்டம் சேருமுன் உம்பிரைல் கணவாய் வழியாக ஸ்விட்ஜர்லாந்துக்குள் இறங்கி, ம்யூஸ்டைர் மடத்தின் சுமார் 1,200 ஆண்டுப் பழமையான சுவரோவியங்களைப் பார்த்தோம்.

அன்று கையில் அந்த வெறும் ஒரு மணி நேரம் மிஞ்சியிருந்தது. ரெஷன் ஏரிக்கரையில் போகும்போது நீரின் நடுவே ஒரு மணிக்கூண்டு மட்டும் நிற்பதைக் கண்டு நிறுத்தினோம். 1950-ல் மின்சாரத்துக்காக நீரைத் தேக்கியபோது கிராவுன் என்ற ஊர் முழுகிற்று. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் போயின. பதினாலாம் நூற்றாண்டுத் தேவாலயக் கோபுரம் மட்டும் நின்றுவிட்டது. மேட்டூர் அணையில் நீர் வற்றும்போது பண்ணவாடியில் நந்தியும் தேவாலய கோபுரமும் வெளியே தெரியும் செய்தியைப் பத்திரிகையில் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இருவரும் பேசவில்லை. எங்கள் பட்டியலில் இல்லாத இடம் அது. ஆறு நாளில் மனத்தில் ஆழமாகப் பதிந்ததும் அதுவே.

புறப்படுமுன்

சில அவசியக் குறிப்புகள். நம் ஓட்டுநர் உரிமத்தோடு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் பெறுங்கள். அது ஓராண்டுக்குச் செல்லும். விசாவுக்காக எடுக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தையும் ஏற்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். உணவைச் சனிக்கிழமையே வாங்குங்கள். நமக்குச் சுதந்திர தினமான ஆகஸ்ட் 15 இத்தாலியில் பெரிய விடுமுறை. அந்த வாரம் மலைப்பாதைகளில் நெரிசல் மிகும். ஆஸ்திரியாவின் ராய்ட்டே மாவட்டத்துச் சில சாலைகளில், 95 டெசிபலுக்கு மேல் சத்தமிடும் மோட்டார் சைக்கிள்களுக்கு 2020 முதல் கோடைத் தடை உண்டு. வண்டியின் பதிவுத் தாளைப் பார்த்து எடுங்கள்.

இவ்வளவும் செய்தபின், உங்கள் பட்டியலை ஒரு முறை எடுத்துப் பாதியை அடித்துவிடுங்கள். அடிக்கும்போது மனம் வலிக்கும். நான் கிராஸ்கிளாக்னரை இன்னும் பார்க்கவில்லை. அந்த வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பார்க்காத மலையைப் பார்க்க மறுபடியும் போகலாம். அதற்கு நாம் பத்திரமாகத் திரும்பி வந்திருக்க வேண்டும் அல்லவா? போய் வாருங்கள் நண்பர்களே, புறப்படும்போதெல்லாம் மறவாமல் “வலம்!” என்று சொல்லுங்கள்.