நாற்பது லிட்டர் சாறு, ஒரு லிட்டர் பாகு

அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் வெர்மான்ட் மாநிலத்தில் பிப்ரவரி பிற்பாதி வந்துவிட்டால், மேப்பிள் மரம் வைத்திருப்பவர்கள் வானிலை அறிக்கையில் ஒன்றே ஒன்றைத்தான் தேடுவார்கள். இரவில் உறைநிலைக்குக் கீழே நான்கைந்து டிகிரி, மறுநாள் பகலில் உறைநிலைக்கு மேலே நான்கைந்து டிகிரி. இந்த இரண்டும் அடுத்தடுத்து வரும் நாளில்தான் மரத்தில் சாறு ஓடும். கடுங்குளிர் விடாமல் நீடித்தால் ஓட்டம் இல்லை. இரவும் பகலும் இதமாகவே இருந்தாலும் இல்லை. ஆண்டுக்கு நான்கு முதல் ஆறு வாரம் கிடைக்கும் இந்தப் பருவத்துக்காக ஊரில் பலர் வாளிகளைக் கழுவி வைத்துக் காத்திருக்கிறார்கள்.

உலகின் மேப்பிள் பாகில் ஏறத்தாழ 70 சதவீதம் கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து வருகிறது. அமெரிக்க உற்பத்தியில் முதலிடம் வெர்மான்ட்டுக்கு. பெரிய தோப்புகளில் ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளாஸ்டிக் குழாய்களால் இணைத்து, பம்பு வைத்துச் சாற்றை இழுக்கிறார்கள். ஆனால் அவர்கள் செய்யும் வேலையின் சாரம் முழுவதையும் கொல்லைப்புறத்தில் இரண்டு மூன்று மரங்கள், ஒரு துளைப்பான், ஒரு விறகடுப்பு, ஒரு வெப்பமானி ஆகியவற்றைக் கொண்டே செய்துவிடலாம். இவற்றில் முக்கியமானது வெப்பமானிதான் என்பேன். எப்போது தொடங்குவது, எப்போது அடுப்பை நிறுத்துவது என்ற இரண்டையும் அதுதான் சொல்கிறது.

மரத்திலிருந்து இனிப்புச் சாறு என்றதும் நமக்குப் பதநீர் நினைவுக்கு வரும். ஆனால் பனையில் பாளையைச் சீவும்போது வடிவது, இலைகள் தயாரித்த சர்க்கரையைச் சுமந்து செல்லும் ஃபுளோயம் திசுவின் சாறு. அதில் சர்க்கரை பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். மேப்பிளில் துளையிடுவது கட்டைக்குள், வேரிலிருந்து நீரை மேலேற்றும் சைலம் திசுவில். அங்கே கிடைக்கும் சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். பார்க்கத் தண்ணீர், குடித்தாலும் கிட்டத்தட்டத் தண்ணீர். விழுங்கிய பிறகு நாக்கில் இலேசாக ஓர் இனிப்பு தங்கும், அவ்வளவே.

அந்த இனிப்பு போன கோடையில் இலைகள் சமைத்தது. ஸ்டார்ச்சாகக் கட்டையின் உயிருள்ள செல்களில் அடைபட்டிருந்து, குளிர் வந்ததும் நொதிகளால் சுக்ரோஸாக மாறிச் சாற்றில் கலக்கிறது. வசந்தத்தில் மொட்டு விரிவதற்காக மரம் வைத்திருக்கும் கையிருப்பு அது. அதில் சிறு பங்கைத்தான் நாம் எடுக்கிறோம்.

சரி, இலையே இல்லாமல் மொட்டையாக நிற்கும் மரத்தில் நீரைத் தள்ளுவது எது? தாவரவியலாளர்களை நெடுங்காலம் குழப்பிய கேள்வி இது. பெரும்பாலான மரங்களில் கட்டையின் நார்ச்செல்களுக்குள் நீர் நிறைந்திருக்கும். மேப்பிளில் அவற்றுக்குள் இருப்பது காற்று. இரவில் குளிர் இறங்கும்போது அந்தக் காற்று சுருங்குகிறது, நார்ச்செல்களின் உட்சுவரில் பனிப்படிகங்கள் படிகின்றன. இதனால் பக்கத்திலுள்ள குழல்களிலிருந்து நீர் உறிஞ்சப்படுகிறது. அந்த இழுப்பு வேர்வரை எட்டி, மண்ணிலிருந்து புது நீர் மரத்துக்குள் ஏறுகிறது. பனி தடிக்கத் தடிக்க, நடுவில் மாட்டிக்கொண்ட காற்று அமுங்குகிறது. காலையில் வெயில் பட்டுப் பனி உருகியதும் அமுங்கிய காற்று விரிந்து நீரைக் குழல்களுக்குள் திருப்பித் தள்ளுகிறது. மரத்தின் உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை மிஞ்சிவிடுகிறது. அப்போது ஒரு துளை இருந்தால் சாறு அதன் வழியே வெளியேறும். மில்பர்ன், ஓமாலி என்ற இரு ஆய்வாளர்கள் 1984-ல் முன்வைத்த விளக்கம் இது. சாற்றில் கரைந்திருக்கும் சுக்ரோஸ் உண்டாக்கும் சவ்வூடு பரவல் அழுத்தமும் இதற்குத் துணைநிற்கிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. இரவு உறைந்தால்தான் மரம் நீரை ஏற்றிக்கொள்ளும், பகல் இளகினால்தான் வெளியே விடும். அதனால்தான் இரண்டும் வேண்டியிருக்கிறது.

வேலை உண்மையில் முந்தைய இலையுதிர்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. இலை இருக்கும்போதே மரத்தை அடையாளம் கண்டு ஒரு நாடாவைக் கட்டி வைத்துவிடுவது நல்லது. விட்டுவிட்டால், குச்சிகள் எதிரெதிர் இணையாகக் கிளைத்திருக்கின்றனவா, நுனி மொட்டு பழுப்பாகக் கூர்மையாக இருக்கிறதா என்று பனிக்காலத்தில் அண்ணாந்து தேட வேண்டும். சர்க்கரை மேப்பிள்தான் முதல் தேர்வு. சிவப்பு மேப்பிளிலும் வெள்ளி மேப்பிளிலும்கூடச் சாறு எடுக்கலாம், ஆனால் இனிப்பு குறைவு. அடிமரம் 30 சென்டிமீட்டர் குறுக்களவாவது இருக்க வேண்டும். காட்டில் வளரும் சர்க்கரை மேப்பிள் அந்த அளவை எட்ட நாற்பது ஆண்டு ஆகும். அதற்கும் சிறிய மரத்தில் கை வைப்பது தவறு.

துளை 8 மில்லிமீட்டர் அகலம், நான்கைந்து சென்டிமீட்டர் ஆழம். சாறு தேங்காமல் வெளியே வடிய, துளைப்பானை உள்நோக்கிச் சற்றே மேலே சாய்த்துப் பிடிக்க வேண்டும். வெளியே வரும் மரத்தூளைக் கவனியுங்கள். வெளிர் மஞ்சளாக, ஈரமாக, சுருள்சுருளாக வந்தால் உயிருள்ள கட்டை. காப்பிப்பொடி நிறத்தில் உலர்ந்து வந்தால் செத்த பகுதி, வேறு இடம் பார்க்க வேண்டும். நல்ல நாளாக இருந்தால் துளைப்பானை உருவும்போதே அதன் முனையில் முதல் சொட்டு தொங்கும். பிறகு ஸ்பைல் எனப்படும் சிறு குழாயைத் துளையில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டுவார்கள். தட்டத் தட்ட ஓசை மாறும். பொத்தென்ற ஒலி இறுகிக் கணீரென்று ஆகும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் நான்கு அடி அடித்தால் கட்டை பிளந்து சாறு பட்டை வழியே கசிந்து வீணாகும்.

வாளிக்கு மூடி அவசியம். மழைநீர் விழாமல் இருக்க மட்டுமல்ல, இனிப்பைத் தேடி வரும் அந்துப்பூச்சிகள் விழாமல் இருக்கவும்தான். பழைய பொருள் விற்கும் கடைகளில் அழகான தகர வாளிகள் கிடைக்கும். அவற்றை வாங்கிச் சுவரில் மாட்டி வைக்கலாம், சாறு பிடிக்கக் கூடாது. பழைய வாளிகளின் பற்றவைப்பில் ஈயம் இருக்கிறது. பிடித்த சாறு பாலைப் போலக் கெட்டுப்போகக்கூடியது. பனிக்குள் புதைத்து வைத்துச் சில நாட்களுக்குள் காய்ச்சிவிட வேண்டும்.

இனி கணக்கு. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் சி. எச். ஜோன்ஸ் 1946-ல் எளிய விதி ஒன்றை வெளியிட்டார். 86-ஐச் சாற்றின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுத்தால், ஒரு பங்கு பாகுக்கு எத்தனை பங்கு சாறு வேண்டும் என்பது கிடைக்கும். 2 சதவீதம் என்றால் 43 பங்கு. 3 சதவீத மரம் வாய்த்தால் 29-க்கும் குறைவு. ஒரு துளை ஒரு பருவத்தில் சுமார் 40 லிட்டர் சாறு தரும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஆக, துளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பாகு.

அந்த ஒரு லிட்டருக்காக ஏறக்குறைய 39 லிட்டர் நீரை ஆவியாக்க வேண்டும். கொதிநிலையை எட்டவைப்பது சுலபம். கொதிக்கும் நீரை ஆவியாக மாற்றத்தான் கிலோவுக்கு 2,260 கிலோஜூல் வெப்பம் தேவை. மொத்தமாகக் கூட்டினால் நூறு மெகாஜூலைத் தாண்டுகிறது. நம் வீட்டு கேஸ் அடுப்பில் காய்ச்சினால், வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து, 14.2 கிலோ சிலிண்டரில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காலியாகும். அதனால்தான் இது விறகு கிடைக்கிற இடத்து வேலையாக இருக்கிறது. சமையலறைக்குள் காய்ச்சக் கூடாது என்பதற்குக் காரணமும் இதே கணக்குதான். 39 லிட்டர் நீரும் ஆவியாகி வீட்டுக்குள் பரவினால் சுவரில் ஒட்டிய தாள் உரிந்து தொங்கும்.

இரும்புப் பாத்திரமே இல்லாத காலத்தில் இதைச் செய்தவர்களை நினைத்தால் எனக்குப் பெரும் மதிப்பு உண்டாகிறது. அனிஷினாபே, அபெனாக்கி, மிக்மாக் முதலிய பூர்வகுடி மக்களிடமிருந்துதான் ஐரோப்பியர் இந்தத் தொழிலைக் கற்றார்கள். பிர்ச் மரப்பட்டைத் தொட்டிகளில் சாற்றை ஊற்றி, நெருப்பில் பழுக்கக் காய்ந்த கற்களை அதில் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். இரவில் வெளியே வைத்து, மேலே உறைந்த பனிக்கட்டியைக் காலையில் எடுத்து எறிந்தார்கள். உறையும் நீர் சர்க்கரையைப் பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் உறைகிறது, எனவே மிஞ்சுவது அடர்த்தியான சாறு. இந்த உத்தியைக் கொல்லைப்புறக்காரர்கள் இன்றும் செய்கிறார்கள். எடுத்து வைக்கச் சுலபம் என்பதால் அந்த மக்கள் பாகோடு நிற்காமல் சர்க்கரைக் கட்டியாகவே காய்ச்சினார்கள். ஏப்ரலை ஒட்டிய மாதத்துக்கு அனிஷினாபே மொழியில் சாறு காய்ச்சும் நிலா என்றே பெயர்.

இந்தச் சர்க்கரைக்கு ஓர் அரசியல் ஆசையும் ஒட்டிக்கொண்டிருந்தது. கரீபியன் தீவுகளின் கரும்புச் சர்க்கரை அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. அதற்கு மாற்றாக மேப்பிள் சர்க்கரையைப் பரப்ப வேண்டும் என்று மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1791-ல் தாமஸ் ஜெஃபர்சனுக்கு எழுதினார். ஜெஃபர்சன் வர்ஜீனியாவில் தன் மான்டிசெல்லோ பண்ணையில் மேப்பிள் கன்றுகளை நட்டார். பெரும்பாலானவை பிழைக்கவில்லை. அந்தப் பண்ணையே அடிமைகளின் உழைப்பில்தான் நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுப்புக்கு வருவோம். பாத்திரம் அகலமாக, ஆழம் குறைவாக இருக்க வேண்டும், ஏனெனில் ஆவி போவது மேற்பரப்பின் வழியே. ஹோட்டல் பஃபேயில் உணவு வைக்கும் செவ்வக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டுகளை வாங்கி, சிமென்ட் கற்களை அடுக்கிக் கட்டிய அடுப்பின் மேல் பொருத்திக்கொள்வது பலரும் செய்யும் ஏற்பாடு. பச்சைச் சாற்றை நேரே ஊற்றினால் கொதி அடங்கிவிடும், எனவே பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் சூடாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். நுரை பொங்கி விளிம்பைத் தொட்டால் ஒரு துளி வெண்ணெய் போதும், சட்டென்று அமர்ந்துவிடும். இப்போது சிலர் குடிநீர் சுத்திகரிப்புக் கருவியில் இருக்கும் அதே ஆர்.ஓ. சவ்வைப் பயன்படுத்திப் பாதி நீரை முன்கூட்டியே நீக்குகிறார்கள். வீட்டில் நாம் கழிவாக விடும் பக்கம்தான் அங்கே வேண்டிய பக்கம். விறகு பாதியாகக் குறையும் என்பதால் எனக்கு இதில் எந்த ஆட்சேபமும் இல்லை.

நாள் முழுக்கக் காய்ச்சியும் பெரிதாக ஒன்றும் நடக்காதது போல இருக்கும். கடைசிக் கட்டத்தில்தான் எல்லாம் வேகம் பிடிக்கிறது. சாறு தேன் நிறத்துக்கு வந்ததும் சிறிய பாத்திரத்துக்கு மாற்றி, தீயைக் கட்டுப்படுத்த முடிகிற அடுப்புக்குக் கொண்டுவருவார்கள். இங்கே வெப்பமானியின் இரண்டாவது வேலை. தண்ணீரின் கொதிநிலையைவிட 4 டிகிரி கூடுதலாக, அதாவது ஏறத்தாழ 104 டிகிரியில், பாகு தயார். காற்றழுத்தத்தையும் ஊரின் உயரத்தையும் பொறுத்துத் தண்ணீரின் கொதிநிலையே மாறும் என்பதால், அன்றைக்கே வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அளந்து, அதோடு 4-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கண்ணுக்கும் அடையாளம் தெரியும். பெரிதாக உடைந்துகொண்டிருந்த குமிழிகள் சிறுத்து, நெருங்கி, பளபளக்கும் நுரையாக மேலேறும். அகப்பையை முக்கித் தூக்கிச் சாய்த்தால் முதலில் சொட்டுச் சொட்டாக விழும். பதம் நெருங்கியதும் விளிம்பில் இரண்டு மூன்று சொட்டுகள் கைகோத்து ஒரு மெல்லிய திரையாகத் தொங்கி, பிறகு அறுந்து விழும். அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தாலும் எடுக்கக் கூடாது. ஓரிரு நிமிடம் தவறினால் அடிப்பிடித்து ஒரு நாள் உழைப்பும் பாத்திரமும் போய்விடும். சர்க்கரை எடையில் 66 சதவீதத்துக்குக் குறைந்தால் பாகு புளிக்கும், 68-ஐத் தாண்டினால் புட்டியின் அடியில் கற்கண்டு கட்டும். இவ்வளவு குறுகிய இடைவெளி என்பதால் அடர்த்திமானியை மிதக்கவிட்டும் ஒருமுறை சரிபார்க்கிறார்கள்.

மேப்பிளுக்கே உரிய அந்த மணம் சாற்றில் இருப்பதில்லை, அடுப்பில்தான் உண்டாகிறது. சாற்றிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரையும் கொதியில் வினைபுரிந்து நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. பருவத்தின் தொடக்கத்துப் பாகு வெளிர் பொன்னிறம், மென்மையான சுவை. நாட்கள் சூடேற நுண்ணுயிர்கள் பெருகிச் சுக்ரோஸின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கின்றன. இவை எளிதில் பழுப்பேறுபவை, எனவே கடைசிப் பாகு கருத்து, அழுத்தமான சுவையோடு வரும். விருந்தாளிக்குப் பொன்னிறத்தைக் கொடுங்கள், வீட்டுக்குக் கருத்ததை வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் பரிந்துரை.

இறக்கிய பாகு கலங்கலாக இருக்கும். சாற்றிலுள்ள கால்சியமும் மாலிக் அமிலமும் சேர்ந்து நுண்ணிய மணலாகப் படிந்திருக்கும். அதைச் சுடச்சுடத் தடித்த கம்பளித் துணியில் வடிகட்ட வேண்டும், ஆறிவிட்டால் துணியில் இறங்கவே இறங்காது. 82 டிகிரிக்குக் குறையாத சூட்டில் புட்டியில் நிரப்பி, மூடி, ஒரு நிமிடம் படுக்க வைத்தால் மூடியின் உட்புறமும் கிருமி நீங்கிச் சுத்தமாகும். திறந்த புட்டி குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

மொட்டுகள் உப்பத் தொடங்கியதும் சாற்றின் வேதியியல் மாறிவிடுகிறது. காய்ச்சினால் விரும்பத்தகாத வாடை வரும். எவ்வளவு ஓடினாலும் அந்தச் சாறு வேண்டாம், ஸ்பைல்களைப் பிடுங்கிவிட வேண்டும். துளையில் மெழுகோ தக்கையோ எதையும் அடைக்கக் கூடாது. நலமான மரம் தானே அதை மூடிக்கொள்ளும். ஆனால் துளைக்கு மேலும் கீழும் ஒரு நீண்ட பட்டையளவுக்குக் கட்டை செத்துப் பழுப்பாகியிருக்கும், அதில் இனிச் சாறு வராது. ஆகவே அடுத்த பிப்ரவரியில் பழைய தழும்பிலிருந்து பக்கவாட்டில் ஒரு சாணாவது தள்ளி, உயரத்தையும் மாற்றி, புதிய இடத்தில் துளையிடுகிறார்கள்.